கோமதி மேடம் எழுதாமல் விட்ட ஒன்றரை மணி நேரம்

செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு மைசூர் மண்டி மொஹல்லாவிலிருந்து ராஜேஸ்வரி தொலைபேசியில் அழைத்தார். கோமதியின் தங்கை. “அக்கா போயிட்டாங்க சார்” என்றார். வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் எடுத்து வருவதற்குள் முடிந்துவிட்டது. “மத்தியானம் எடுத்துடுவோம். வர முடிஞ்சா வாங்க” என்று சொல்லி வைத்துவிட்டார். நான் போனேன். சந்து முனையில் ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் வழிவிட்டு நின்றன. கல்லூரியிலிருந்து ஏழு பேர் வந்திருந்தார்கள். மாணவர்களாக இருந்த யாரையும் காணவில்லை. அவர்களுக்குச் செய்தியே போயிருக்காது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு அவர் கோமதி மேடம்கூட இல்லை. ‘ரேஞ்சர்’. அந்தப் பெயர் தனக்குத் தெரியாது என்பது போலவே கடைசி வரை நடந்துகொண்டார். தெரியும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் பெங்களூரிலிருந்து வரும் ஒரு தமிழ் நாளிதழின் மைசூர் நிருபர். ஊருக்கு வெளியே இருந்த அந்தப் பொறியியல் கல்லூரிக்கு இணைய இணைப்பு வந்ததும் ஒரு செய்தி எழுதினேன். ‘மாணவர்கள் அனைவருக்கும் இன்டர்நெட்’ என்று தலைப்பு வந்தது. மறுநாள் காலை ஒரு பெண் அலுவலகத்துக்கு அழைத்தார்.

“சார், அனைவருக்கும்னு போட்டிருக்கீங்க. இருக்கிறது ஒரு லைன். வேலை செய்யுற கம்ப்யூட்டர் எட்டு. நாளைக்கு எல்லாப் பிள்ளைங்களும் பேப்பரைத் தூக்கிட்டு என் ரூம் வாசல்ல வந்து நிக்கும். ஸ்வல்ப, கொஞ்சம் யோசிக்க வேணாமா?”

திருத்தம் வெளியிட்டேன். நான்கு வரி. அதற்கு நன்றி சொல்ல மறுபடியும் அழைத்தார். அப்படித்தான் பழக்கம். அவர் கல்லூரிக் கணினி மையத்தின் பொறுப்பாளர். அப்பா சேலம் பக்கத்திலிருந்து மில் வேலைக்கு மைசூர் வந்தவர். வீட்டில் தமிழ், வேலையில் கன்னடம், காகிதத்தில் ஆங்கிலம். ஆற்றுத் தண்ணீருக்காக நடந்த கலவரத்துக்குப் பிறகு, பேருந்தில் தங்கை தமிழில் பேசினால் கையை அழுத்தி நிறுத்துவார் கோமதி. பயந்த சுபாவம் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அந்த ஒற்றை இணைப்பைக் காப்பதுதான் அவர் வேலை. ஒரு மாணவர் ஒரு பாட்டை இறக்க ஆரம்பித்தால் நூலகத்திலும் அலுவலகத்திலும் எல்லாம் நின்றுபோகும். ஆகவே தடை போட்டார். ஒருவருக்கு நாளுக்கு அரை மணி நேரம். பாட்டுத் தளங்கள் திறக்காது. அமெரிக்காவில் ஒரு மாணவர் எழுதியதாகச் சொல்லப்பட்ட ஒரு மென்பொருள், ஒருவர் கணினியில் உள்ள பாட்டை இன்னொருவர் எடுத்துக்கொள்ள வழி செய்தது. அது இங்கே வந்து சேர்ந்த மறுநாளே அதையும் அடைத்தார். எதை எப்போது அடைத்தார், யார் எந்தக் கணினியில் எத்தனை மணிக்கு உட்கார்ந்தார் என்பதெல்லாம் தினமும் அச்சாகி, துளை போட்ட தாளில் மடிப்பு மடிப்பாக அலமாரிக்குப் போகும். “எழுதி வெச்சாத்தான் சார் நடந்த மாதிரி. இல்லைன்னா ஆளுக்கு ஒண்ணு சொல்லும்” என்பார். ஒரு நிருபருக்கு அந்த வாக்கியம் பிடிக்காமல் போகுமா?

வெளியே போகும் வழி அடைபட்டதும் மாணவர்கள் கல்லூரிக்குள்ளேயே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு கணினியில் ஒரு பொதுக் கோப்புறை. யாராவது குறுந்தகட்டிலிருந்து பாட்டுகளைக் கொண்டுவந்து அதில் போடுவார்கள். மற்ற ஆய்வகங்களிலிருந்தும் விடுதியின் கணினி அறையிலிருந்தும் எடுத்துக்கொள்வார்கள். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் ஒரு பாட்டை மூன்று துண்டாக்கி மூன்று பிளாப்பிகளில் ஏற்ற வேண்டும். இதைத் தொடங்கியவர் மாதேசன் என்ற மூன்றாம் ஆண்டு மாணவர். ஹனூருக்கு அப்பால், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மார்டள்ளிப் பக்கம் ஊர். சோளமும் ராகியும் போடுகிற குடும்பம். காட்டோரம்.

காட்டோரத்துப் பையன் வைத்த பெயர்கள் காட்டோரத்துப் பெயர்களாகவே இருந்தன. கோப்புறைக்கு ‘சாமான்’ என்று பெயர். பத்துப் பன்னிரண்டு பாட்டுகளைச் சுருக்கிக் கட்டிய கோப்பு ‘மூட்டை’. பார்வையிட வரும் கோமதி மேடம், வனத்துறை அதிகாரி போல, ‘ரேஞ்சர்’. திரையில் சட்டென்று தோன்றும் சிறு செய்திகளை அவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். ஆங்கில எழுத்தில் தமிழ். ‘சாமான் வந்தாச்சு.’ ‘ரெண்டு மூட்டை இறக்கியாச்சு, ஆள் வந்து தூக்கிக்கலாம்.’ ‘ரேஞ்சர் ரவுண்ட்ஸ்ல இருக்கு, மூட்டையை மாத்து.’ சர்வர் அவற்றையெல்லாம் தானாகவே குறித்து வைத்துக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது.

அந்தக் காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எல்லைக் காடுகளில் சந்தனக்கட்டைக் கடத்தல்காரர்களுக்கான போலீஸ் தேடுதல் வருடக்கணக்காக நடந்துகொண்டிருந்தது. காட்டுக்குள் மறைந்திருந்தவர்களுக்கு யார் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள் என்பதுதான் தேடியவர்களின் முதல் கேள்வி. கல்யாணத்துக்கு அரிசி வாங்கியவர் அழைப்பிதழைக் காட்ட வேண்டியிருந்தது. டார்ச் விளக்குக்கு பேட்டரி வாங்கியவர் எதற்கு என்று சொல்ல வேண்டியிருந்தது. விசாரணை முகாமுக்குப் போனவர்களைப் பற்றி நான் எழுதியிருக்கிறேன். எழுதியது கொஞ்சம். திரும்பி வந்தவர்கள் பேசியதும் கொஞ்சம்தான்.

கோமதி மேடம் அந்தக் கோப்புறையை ஒரு வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கண்டுபிடித்தார். அழித்தார். விதிப்படி முதல்வருக்கு அறிக்கை எழுதினார். அனுமதியில்லாத பொதுக் கோப்புறை, தொடங்கியவர் பெயர், ஊர், வரிசை எண், நாள்வாரியாகக் கோப்புகளின் அளவு, இணைப்பாகச் செய்திகளின் அச்சு. மாணவர்களுக்கும் ஓர் அறிவிப்பு ஒட்டினார். இந்தக் கோப்புகள் யாரிடமாவது இருப்பது தெரிந்தால் இடைநீக்கம். முதல்வருக்குத் தமிழ் தெரியாது. அலுவலகத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் செய்திகளை வரிவரியாக வாசித்துப் பொருள் சொல்லியிருக்கிறார். மூட்டை, ஆள், ரேஞ்சர். பிறகு பையனின் ஊரைப் பார்த்திருக்கிறார்கள். முதல்வர் கெட்டவர் இல்லை. பயந்தவர். போலீசுக்குத் தொலைபேசினார்.

சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு கோமதி மேடம் என்னை அழைத்தார்.

“சார், வர முடியுமா? நியூஸுக்கு இல்லை. ஒருத்தர் பார்த்துட்டு இருக்கணும். அவ்வளவுதான்.”

அவருடைய குரலில் கன்னடமும் தமிழும் பிரிக்க முடியாமல் கலந்திருந்தன. ஸ்கூட்டரில் இருபது நிமிடம். கல்லூரி வாசலில் எண்பலகையில் சேறு பூசிய ஒரு ஜீப் நின்றது. முதல்வர் அறைக்கு அடுத்த சிறிய அறையில், நாற்காலியின் விளிம்பில், மாதேசன் உட்கார்ந்திருந்தார். செருப்பு இல்லை. விடுதியிலிருந்து அழைத்து வரும்போது போட்டுக்கொள்ள விடவில்லையா, மறந்துவிட்டாரா, தெரியாது. நான் கேட்கவில்லை. இரண்டு காவலர்கள் அவருக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். மேடத்தைப் பார்த்ததும் எழுந்தார்.

“மேடம், பாட்டுங்க மேடம். சத்தியமா வெறும் பாட்டுங்க. நீங்களே சொல்லுங்க.”

“உக்காருப்பா” என்றார்.

இன்ஸ்பெக்டர் கணினி மையத்தில் இருந்தார். ஐம்பதை நெருங்கியவர், மெதுவாகப் பேசுகிறவர். எல்லையில் வேலை பார்த்துத் தமிழ் கற்றவர். கையில் மேடத்தின் அறிக்கை.

“ரிப்போர்ட் ரொம்ப நல்லா இருக்கும்மா. டைம் இருக்கு, தேதி இருக்கு, பேர் இருக்கு, ஊர் இருக்கு. எங்க ஆளுங்களே இப்படி எழுத மாட்டாங்க” என்றார்.

மேடத்தின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். பல வருடங்களில் எத்தனையோ மிரட்டல்களைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பாராட்டைப் போல எதுவும் என்னை உறையவைத்ததில்லை.

“சார், அதெல்லாம் சினிமாப் பாட்டு. மூட்டைன்னா பாட்டைக் கட்டி வெச்சிருக்கிறது.”

“இருக்கலாம்மா. காட்டுங்க.”

“அழிச்சுட்டேன்.”

“நீங்களா?”

“ரூல்ஸ் அதுதான் சார்.”

“அப்ப பேப்பர்ல இருக்கிறதுதான் எனக்கு. பையன் ஊர் எங்கேன்னு பார்த்தீங்கல்ல? மூணு மணிக்குக் கிளம்பறோம். அங்க பெரியவங்க கேட்டுக்குவாங்க.”

மூன்று மணிக்கு. ‘அங்க’ என்றால் எங்கே என்று மூவருக்கும் தெரியும்.

மேடம் என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். அவர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். கோப்புறையை அழித்துவிட்டதால் பாட்டுகள் வேறு எங்கேயும் இல்லை என்று அர்த்தமில்லை. மாணவர்கள் எடுத்துப் போயிருக்கிறார்கள். பிளாப்பிகளில், விடுதிக் கணினியில், வேறு வேறு பெயர்களில். அவற்றைக் கொண்டுவந்து காட்டினால் போதும். ஆனால் வைத்திருப்பவருக்கு இடைநீக்கம் என்று எழுதி ஒட்டியவர் அவரே. இப்போது வாசலில் போலீஸ் ஜீப் வேறு. யார் வருவார்கள்?

இரண்டு வகுப்புகளுக்குப் போய்க் கேட்டார். நான் கதவருகே நின்றேன். “யார்கிட்டயாவது இருந்தா குடுங்கப்பா, ஒண்ணும் ஆகாது” என்றார். யாரும் தலையைத் தூக்கவில்லை. கடைசி வரிசையில் ஒரு குரல், “நோட்டீஸ்ல வேற மாதிரி போட்டிருக்கீங்களே மேடம்” என்றது. யாரும் சிரிக்கவில்லை. தன்னுடைய வார்த்தையை நம்ப வைக்கத் தன்னிடம் எதுவும் இல்லை என்பதை அந்த இடத்தில்தான் அவர் உணர்ந்தார் என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்தபோது மணி ஒன்று பத்து. இன்ஸ்பெக்டரிடம், “சார், மூணு மணிக்குள்ள சாமான் இங்க வரும். ஆனா உங்க ஆளுங்க யாரும் இந்தப் பக்கம் நிக்கக் கூடாது. நீங்களும்” என்றார். இன்ஸ்பெக்டர் அறிக்கையை மடித்தார். “கேன்டீன்ல காபி எப்படிம்மா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

மேடம் சர்வர் முன்னால் உட்கார்ந்தார். முதலில் பதிவை நிறுத்தினார். யார் எங்கே உட்கார்ந்தார், என்ன அனுப்பினார் என்று இயந்திரம் எழுதிக்கொண்டே இருந்தது நின்றது. பக்கத்தில் ஓயாமல் சத்தம் போடும் அச்சுப்பொறியும் நின்றது. அந்த அறையின் அமைதி எனக்குப் புதிதாக இருந்தது. அழித்த கோப்புறையை அதே பெயரில் மறுபடி திறந்தார். பிறகு எல்லாத் திரைகளுக்கும் ஒரு செய்தி தட்ட ஆரம்பித்தார். முதலில் ஆங்கிலத்தில், ‘மாணவர்கள் தயவுசெய்து’ என்று அலுவலக நடையில் ஒரு வரி. அதை அழித்தார்.

“மூட்டைக்கு இங்கிலீஷ்ல ரெண்டு ஓ போடுவாங்களா சார், யூ போடுவாங்களா?”

“ரெண்டு ஓ.”

“நம்ம பிள்ளைங்க எழுதுற மாதிரி இருக்கணும். இல்லைன்னா பொறின்னு நினைக்கும்.”

அவர் அனுப்பியது இது. நான் அப்போதே மனத்தில் குறித்துக்கொண்டேன்: ‘சாமான் வேணும். மூட்டையைத் திருப்பிப் போடுங்க. மூணு மணிக்கு மாதேசனைக் கூட்டிட்டுப் போறாங்க. நான் பார்க்க மாட்டேன், எழுத மாட்டேன். ரேஞ்சர்.’

கடைசிச் சொல்லைத் தட்டும்போது காது வரைக்கும் சிவந்துபோனார்.

பிறகு திரையின் விளக்கை அணைத்து, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். “நீங்களும் சார். திரும்பி உக்காருங்க.” இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்தே இருந்தது. சுவரில் நீர் ஊறிய ஒரு கறை. அதைப் பார்த்தே நேரம் போனது. வராந்தாவில் காலடிகள் வரும், கதவருகே மெதுவாகும், போய்விடும். ஒன்றரை ஆனது. ஒன்றே முக்கால்.

“பயமா இருக்கா சார்?” என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டே.

“இருக்கு.”

“எனக்கு அந்தப் பையனுக்காக மட்டும் இல்லை. யாராவது வந்தா, வந்தவங்களுக்காகவும் பயம். வராட்டியும் பயம்.”

இரண்டு மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது ஒருவர் உள்ளே வந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும், சத்தமில்லை. வாசலை ஒட்டிய கணினியில் பிளாப்பி ஏறும் ஒலி. கரகரவென்று அது படிக்க ஆரம்பித்தது. ஒரு பிளாப்பி முடிய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். வெளியே எடுக்கும் ஒலி. இரண்டாவது. தகடு இரண்டு முறை தட்டி மூன்றாம் முறைதான் உள்ளே போனது. மூன்றாவது பாதியில் நின்றது. படிக்க முடியவில்லை என்றால் மூன்றும் வீண். மேடம் கண்ணை மூடிக்கொண்டார். அது மறுபடியும் கரகரத்தது. வந்தவர் போனார். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது கோப்புறையில் ஒரே ஒரு பாட்டு இருந்தது.

அதற்குப் பிறகு யாரும் நேரில் வர வேண்டியிருக்கவில்லை. ஒன்று வந்திருப்பதைத் தங்கள் திரைகளில் பார்த்திருப்பார்கள் போலும். சர்வரின் வன்வட்டு விளக்கு மின்ன ஆரம்பித்தது. நூலகத்திலிருந்து, மற்ற ஆய்வகங்களிலிருந்து, விடுதியிலிருந்து. எங்கிருந்து எது என்று தெரியாது, பதிவு இல்லை. இரண்டரை மணிக்குள் நாற்பதுக்கு மேல் பாட்டுகள், நான்கு மூட்டைகள்.

இரண்டே முக்காலுக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். மேடம் அறிக்கையில் இருந்த அளவுகளையும் திரையில் இருந்த அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கடைசி இலக்கம் வரை ஒத்துப்போயின. இன்ஸ்பெக்டர் ஒரு மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். பன்னிரண்டு பாட்டுகள். ஒன்றைப் போடச் சொன்னார். ஒரு பெண்குரல். அதை முழுதாகக் கேட்டார்.

“ரேஞ்சர் யாரு?” என்றார்.

மேடம் பள்ளிப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். இன்ஸ்பெக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பிலும் எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

“சரி. அழிச்சது திரும்ப வந்திருக்கு. யார் போட்டது?”

“ஒருத்தர் போட்டாங்க சார். அப்புறம் எல்லாரும்.”

“ஒருத்தர்னா? ஹுடுகனா, ஹுடுகியா?” பையனா, பெண்ணா என்று கன்னடத்தில்.

“தமிழ்ல ஒருத்தர்னா ஒருத்தர்தான் சார். கன்னடத்துல உங்க ‘ஒப்பரு’வும் அப்படித்தானே?”

அவர் என் பக்கம் திரும்பினார். “நீங்க பேப்பர்காரர். பார்த்திருப்பீங்க.”

“சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்” என்றேன்.

மாதேசனை அவர்கள் அழைத்துப் போகவில்லை. பெயர் மட்டும் தங்கள் புத்தகத்தில் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் ஹனூர் பேருந்தில் வந்த அவருடைய அப்பா, மேடத்திடம் ஒரு வார்த்தையும் பேசாமல் மகனைக் கூட்டிக்கொண்டு போனார். தேர்வுக்குத்தான் மாதேசன் திரும்பினார். ஊருக்குப் போகும்போதெல்லாம் சோதனைச் சாவடியில் பேருந்தை நிறுத்தி அவரை மட்டும் இறக்கிய காலம் ஒன்று இருந்தது. இப்போது நன்றாக இருக்கிறார். எங்கே என்று எழுதவில்லை.

நான் அந்தச் செய்தியை அனுப்பவில்லை. எந்தத் தலைப்பில் எழுதினாலும் ‘காட்டோரம்’, ‘தமிழ் மாணவர்’ என்ற இரண்டும் அதில் இருந்திருக்கும்.

ஒன்று இருபதிலிருந்து இரண்டு ஐம்பது வரை பதிவு ஏன் இல்லை என்று கல்லூரி மேடத்திடம் விளக்கம் கேட்டது. ‘நான் நிறுத்தினேன்’ என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தார். அவரைத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். அடுத்து வந்தவர் இன்னும் கடுமையான தடைகள் போட்டார். அது தவறு என்று மேடம் ஒருபோதும் சொல்லவில்லை. “தடை வேணும் சார். ஒரு லைனை வெச்சுக்கிட்டு வேற என்ன பண்றது? அந்தப் பேப்பர்ல ஊர் பேரை ஏன் எழுதினேன்? யாரும் கேக்கலையே. கட்டம் இருந்துச்சு, நிரப்பிட்டேன்” என்று ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். மேடத்திடமும் சொன்னதில்லை. மூன்றாவது பிளாப்பி நின்றபோது நான் திரும்பிப் பார்த்தேன். தொழில் புத்தி. வந்தவரின் முகத்தைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அந்தக் கண்களில் இருந்த பயத்தை நான் யாரிடமும் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் எழுந்து ஓடவில்லை. பிளாப்பியை எடுத்து, சட்டைத் துணியில் துடைத்து, மறுபடி போட்டார். பிடிபட்டிருந்தால் யாரையும்விட அதிகமாக இழந்திருக்கக்கூடியவர் அவர். பிறகு தெரிந்துகொண்டேன்.

பெயர்களை எழுதிப் பிழைத்தவன் நான். கோமதி மேடத்திடமிருந்து என்னிடம் இருப்பது, பேனா ஒரு பெயருக்கு அருகில் வரும்போது வருகிற பயம். போலீசுக்கு முன்னால் அவர் சொன்ன ‘ஒருத்தர்’ என்ற சொல்லும் இருக்கிறது. இந்தக் கட்டுரையை அந்த மனிதர் படிக்கக்கூடும். அவருக்கு இவ்வளவுதான் சொல்ல முடியும்: மேடம் போய்விட்டார்கள். அன்றைக்கு ஒருவர் வந்தார் என்பது மட்டும்தான் மேடத்துக்குக் கடைசி வரை தெரியும்.